அனுமதி கேட்ட கெட்டிமேளம்

மாங்குறிச்சியில் மூளைக்குப் பஞ்சமே இல்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அவரவர் தலையில் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருக்கிறது. அங்கே கல்யாண மண்டபம் நடத்தும் மூன்று அண்ணன் தம்பிகளின் மூளைக்கோ இன்னும் உறைகூடப் பிரிக்கவில்லை. மூத்தவர் சென்னியப்பன், அடுத்தவர் குழந்தைவேல், இளையவர் நாச்சிமுத்து. நாச்சிமுத்துவுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியும். ஆகவே குடும்பத்தில் அவர்தான் விஞ்ஞானி. அதில் அவருக்கே ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அப்பளம் நொறுங்கும் சத்தம் பந்தியில் கேட்கவில்லை, மெதுவாக ஊதுங்கள் என்று சென்னியப்பன் ஒரு கல்யாணத்தில் சொல்லப்போக, நாதஸ்வரக்காரர் கோபித்துக்கொண்டு தவில்காரரோடு போய்விட்டார்.

"போறாருங்கண்ணா, விடுங்க. இனிக் கம்ப்யூட்டர் ஊதும்" என்றார் நாச்சிமுத்து.

மண்டபத்துக்கு வலைப்பக்கம் செய்துகொடுத்த பூங்கோதையை ஈரோட்டிலிருந்து வரவழைத்தார்கள். அந்தப் பக்கத்தில் 'கெட்டிமேளம்' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்தினால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் மேளப் புரோகிராம் திறந்து ஸ்பீக்கரில் முழங்க வேண்டும்.

"அந்தப் புரோகிராமையே நேரா திறந்துக்கலாமேங்ண்ணா?"

"அப்புறம் வலைப்பக்கம் எதுக்கு அம்மிணி?" என்று மடக்கினார் நாச்சிமுத்து.

அவள் பெருமூச்சு விட்டுச் செய்து கொடுத்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "ஒரு வலைப்பக்கம் இஷ்டத்துக்கு உங்க கம்ப்யூட்டர்ல பூந்து எதையும் திறக்க முடியாதுங்க. பிரவுசர் விடாது. விட்டா கண்ட கண்ட பக்கமெல்லாம் உள்ள வந்து நாசம் பண்ணிரும். அதனால ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மணல் பெட்டிக்குள்ள அடைச்ச மாதிரி வெச்சிருக்கும். வெளிய ஏதாச்சும் திறக்கோணும்னா உங்களைக் கேக்கும். நீங்க அனுமதி குடுத்தாப் போதும்."

மூவரும் ஞானிகளைப்போலத் தலையாட்டினார்கள். அவள் பஸ் ஏறியதும் நாச்சிமுத்து கம்ப்யூட்டரைக் கழற்றினார்.

"மணல் இருக்குதாடா?" என்றார் சென்னியப்பன்.

"புழுதிதானுங்கண்ணா இருக்குது."

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்!"

"புழுதியும் பொடி மணல்தானே?" என்று கேட்டார் குழந்தைவேல். அவர் எதிலும் நியாயம் பார்ப்பவர்.

"அப்படின்னா பக்கமும் பொடிசாத்தான் இருக்கோணும். நம்ம பக்கம் பெரிசாச்சே!" என்று முடித்துவிட்டார் சென்னியப்பன்.

மேஜைமேல் ஒரு மரப்பெட்டியை வைத்து, நிறைய ஆற்றுமணல் கொட்டி, அதில் மானிட்டரை நட்டார்கள். நட்டதற்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு வந்த குழந்தைவேலை நாச்சிமுத்து தடுத்துவிட்டார். "கரண்ட் ஓடுதுங்கண்ணா. விஞ்ஞானம் தெரியாம எதையும் செய்யப்படாது."

முதல் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா தெய்வசிகாமணி நல்ல மனிதர், அதாவது இவர்களை நம்பியவர். அவர் மகளுக்குச் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாக்களையும் எவர்சில்வர் தட்டுகளையும் வேறு இடமில்லாததால் மேடைக்குப் பக்கத்திலிருந்த ஆபீஸ் அறையில், அந்த மேஜைக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள்.

முகூர்த்தம் முடிந்தால் உடனே எமகண்டம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் புரோகிதர். நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார்.

மேளம் வரவில்லை. ஒரு கட்டம் வந்தது. 'இந்தப் பக்கம் மேளப் புரோகிராமைத் திறக்கப் பார்க்கிறது' என்று எழுதி, அதற்குக் கீழே 'அனுமதி', 'மறுப்பு' என்று இரண்டு பொத்தான்கள்.

"அம்மிணி சொன்னாப்பலயே கேக்குதுங்கண்ணா!" என்று பூரித்தார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மானிட்டர் முன்னால் நின்று, "அனுமதி குடுத்தாச்சு" என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"மண்டபம் மூணு பேருக்கும் பொதுவாச்சே. நீங்க மட்டும் குடுத்தாச் செல்லுமா?" என்றார் குழந்தைவேல். மூவரும் சேர்ந்து சொன்னார்கள். அப்போதும் கட்டம் அசையவில்லை.

தெய்வசிகாமணி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "நேரம் போவுதுங்க! மேளம் எங்கீங்க?"

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க வீட்டுக் கல்யாணந்தானே?" என்றார் சென்னியப்பன்.

"அனுமதி! அனுமதி! அனுமதி!" என்று அவர் அழாத குறையாகக் கத்தினார்.

"வாய்வார்த்தையை இந்தக் காலத்துல எவன் மதிக்கிறான்? எழுத்துல குடுப்போம்" என்றார் குழந்தைவேல். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் 'அனுமதி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டுத் திரையில் ஒட்டினார்கள். அது அந்தக் கட்டத்தின்மேலேயே கச்சிதமாக உட்கார்ந்து அதை மறைத்தது.

மேடையில் மாப்பிள்ளை தூக்கிய தாலியோடு அப்படியே காத்திருந்தார். அட்சதையோடு நின்றவர்களின் உள்ளங்கை வியர்த்து அரிசி ஊறத் தொடங்கியது. நாச்சிமுத்துவுக்குள் முதல்முறையாக, நாம்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோமோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. பழக்கமில்லாத விருந்தாளி; அவர் அதை உட்காரச் சொல்லவில்லை. பூங்கோதைக்குப் போன் போட்டார்.

"திரையில அனுமதின்னு இருக்குதாங்ண்ணா?"

"பெரிசா இருக்குது அம்மிணி!"

"அதை அழுத்துங்க."

நாச்சிமுத்து பத்திரிகையைக் கட்டைவிரலால் அழுத்தினார். "அழுத்திட்டேன். ஒண்ணும் வரல."

"சரியா அழுத்துங்கண்ணா!"

"அண்ணா, அம்மிணி பத்தலைங்குது. எல்லாரும் வாங்க!"

மூவரும் ஆறு கைகளையும் வைத்து மூச்சைப் பிடித்து அழுத்தினார்கள். மணலில் நட்டிருந்த மானிட்டர் பெட்டியோடு பின்பக்கம் சரிந்து அண்டாக்கள்மேல் விழுந்தது. அண்டா தட்டுகளைத் தள்ள, தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு டமடம, டண்டண், கணகணவென்று வாசல்வரை உருண்டு ஓடின.

காத்துக் காத்துச் சலித்த மாப்பிள்ளை, மேளம் இதுதான் போலிருக்கிறது என்று சட்டென்று தாலியைக் கட்டிவிட்டார். அட்சதை மழையாக விழுந்தது. பெண்ணுடைய அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேளம் அமோகம்!" என்றார்.

அவ்வளவுதான், மூவருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. மறுநாளே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் புது மானிட்டரைக் காட்டிப் படத்தின் தெளிவைப் பற்றி நீட்டி முழக்கினார். நாச்சிமுத்து எதையும் காதில் வாங்காமல் அதைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் ஒரு போடு போட்டார். கண்ணை மூடித் தொடையில் தாளம் தட்டியபடி கவனமாகக் கேட்டார்.

"சுருதி கொஞ்சம் கம்மியா இருக்குதுங்கண்ணா. அந்தப் பெரிசை எடுங்க."