மதில் தாண்டிய மனோரஞ்சிதம்

"அம்மை, பக்கத்து வீட்டுக் கொடியோட வேர்ல ஆசிட் ஊத்தலாம்னு இருக்கேன். பாவமா?"

கேட்டவர் தில்லைநாயகம். முப்பத்து நான்கு வருடம் ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று.

ஊரே அம்மை என்று அழைத்தாலும் அவருக்கு நாற்பதுதான் இருக்கும். ஆற்றுப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மனதில் ஏதாவது கிடந்து உறுத்தினால், ஊர்க்காரர்கள் விடியலில் அங்கே வந்து அவரிடம் கேட்பார்கள்.

பனி இன்னும் கலையவில்லை. எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"என்ன கொடி?"

"மனோரஞ்சிதம். மதில் ஏறி என் எல்லைக்குள்ள மூணரை அடி வந்திருக்கு. கிணத்துல இலை கொட்டுது. பொன்னுத்தாய்கிட்ட சொல்லிப் பார்த்தேன், கேக்கல. மூணு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

"வேர் யார் பக்கம்?"

"அவங்க பக்கம்."

"அப்போ உங்க பக்கம் உள்ளத மட்டும் வெட்டுங்க. ஒரு நாளைக்கு ஒரு கிளை. வெட்டினத நீங்களே அவங்க கையில கொண்டு குடுங்க."

"குப்பையில போட்டா என்ன?"

"அவங்க பொருள்தானே, ஐயா."

தில்லைநாயகத்துக்கு அது பிடித்திருந்தது. கணக்காக இருந்தது.

முதல் நாள் கதவைத் திறந்த பொன்னுத்தாய் கிளையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இரண்டாம் நாள் கேட்டாள். "நாளைக்கும் வருமா?"

"வரும்."

கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாம் நாள் பனி இன்னும் அடர்த்தி. ஏணியில் நின்றவருக்குத் தன் பாதமே தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு வாசம் வந்தது. பலாச்சுளை என்று நினைத்தார். பலாச்சுளையாக இருந்தது. இல்லை, வாழைப்பழம் என்று நினைத்தார். வாழைப்பழமாக மாறிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோப்பில் ஏதோ பழுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில் இருப்பவர் போல, கிளையை வெட்டினார்.

பொன்னுத்தாய் அதைக் கையில் வாங்கினாள். உள்ளே போகவில்லை.

இலைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். நடுவில், இலையோடு இலையாக, பச்சையாக ஒன்று தொங்கியது. அதை ஒட்டி இன்னொன்று, மஞ்சளாக மாறியிருந்தது.

"இது பூவா?"

தில்லைநாயகம் குனிந்து பார்த்தார். "பூதான் போலிருக்கு."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் மக வச்ச கொடி. என்கூடச் சண்டை போட்டுட்டுப் போனா. 'இது பூத்தா எழுது, வர்றேன்'னு சொன்னா. பதினோரு வருஷம். தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன். எழுத ஒண்ணும் இல்ல."

"வாசம் வந்திருக்குமே?"

"வரும். உங்க வீட்டுல ஏதோ பழுத்திருக்குன்னு நினைச்சுக்குவேன்."

அவர் தன் பக்கம் வந்து கொடியின் இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு, நேரே படித்துறைக்குப் போனார். அரிவாள் கையிலேயே இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிட்டு, "மூணு கிளை வெட்டிட்டேன், அம்மை" என்றார். "முதல் ரெண்டுலயும் மொட்டு இருந்திருக்கும். நான் பாக்கல."

"மிச்சம் இருக்கா?"

"நிறைய இருக்கு. இலை நிறத்துலயே இருக்கவும் இத்தனை நாளா கண்ணுல படல. வெயில் விழறது என் பக்கம். பூக்கிறதெல்லாம் என் பக்கம்தான்."

"மதில் உயரமோ?"

"எட்டடி. அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணும் தெரியாது."

அம்மை ஒரு சேலையைப் பிழிந்து உதறினார். நீர்த்துளிகள் பனிக்குள் போய் மறைந்தன.

"இப்போ நான் என்ன செய்ய?"

"உங்க வீட்டுக்கு வாசல் இருக்குல்ல, ஐயா?"

அன்று சாயங்காலம் பொன்னுத்தாய் முதல்முறையாக அவர் வீட்டுக்குள் நுழைந்து, கிணற்றடியைத் தாண்டி, மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவே பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கள் மதில் நீளத்துக்கும் தொங்கிக்கொண்டிருந்தன. ஏதோ எண்ணத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள்.

வெளிச்சம் மெல்லக் குறைந்தது. வாசம் கூடிக்கொண்டே வந்தது. என்ன வாசம் என்று தில்லைநாயகம் கேட்கவில்லை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எழுதுறதுக்கு ஒரு தாள் இருக்குமா?"