இடது காலுக்கு லீவு

"கியர் போடற வேல இல்ல, கிளட்ச் மிதிக்கற வேல இல்ல. அப்பறம் நான் எதுக்குங்க டீச்சரம்மா?"

இருபத்தாறு வருஷமாக லாரி ஓட்டும் அங்கமுத்து கேட்டார்.

பர்வீனுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கம்பெனி புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் லாரிகளுக்கு ஆள் பழக்குவது அவள் வேலை. இன்று அவள் கையெழுத்துப் போட்டால் அங்கமுத்துவுக்கு ஸ்டியரிங். இல்லாவிட்டால் ஷெட் கேட்டில் காவல்.

"ஓட்டுங்கண்ணா," என்றாள்.

திம்பம் மலை இறக்கம். பின்னால் முழு பாரம், மக்காச்சோளம்.

முதல் வளைவிலேயே பழக்கதோஷம் வேலையைக் காட்டிவிட்டது. இல்லாத கிளட்சைத் தேடிப் போன இடது கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. லாரி குலுங்கி நின்றது. பர்வீனின் நெற்றி தப்பியது சீட் பெல்ட் புண்ணியம்.

அவள் திட்டவில்லை.

"இடது கால் செருப்பக் கழட்டுங்க."

கழற்றினார். அதை எடுத்துச் சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் எறிந்தாள்.

"அந்தக் காலுக்கு இன்னிக்கு லீவுங்கண்ணா."

வெறுங்கால் அதன்பிறகு பெடல் பக்கம் போகவில்லை. லாரி தானாகவே கியரைக் குறைத்து, தானாகவே வேகத்தைப் பிடித்து, பதமாக இறங்கியது. அழகாகத்தான் இறங்கியது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"நல்லாத்தான் செய்யுது. நான் பொம்மையாட்ட உக்காந்திருக்கறேன்."

பர்வீன் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

நடுவழியில் ஒரு வளைவு நெருங்கும்போது அங்கமுத்துவின் மூக்கு விடைத்தது. வலது கால் பிரேக்கை அழுத்த, லாரி வளைவுக்கு இருபதடி முன்னாலேயே மெத்தென்று நின்றது.

"ஏனுங்கண்ணா?"

"கிளட்ச் கருகற வாசம். கீழ எவனோ ஏற முடியாம திணறறான்."

சொல்லிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

வளைவின் அந்தப் பக்கம், பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பழைய லாரி மெல்லப் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்துகொண்டிருந்தது. கட்டையைப் பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். லாரி நின்றது. அதன் டிரைவர் இரண்டு கையும் கூப்பினான்.

பின்னாலேயே வந்து நின்ற பர்வீன் எல்லாவற்றையும் பார்த்தாள். அங்கமுத்து மட்டும் வண்டியை நிறுத்தாமல் வளைவில் திருப்பியிருந்தால் இரண்டு லாரியும் மோதியிருக்கும். என்ன மனுஷன் இவர் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்கண்ணா. வாசம் புடிச்சு நிறுத்துனீங்களே, அப்ப வண்டி எந்தக் கியர்ல இருந்துச்சு?"

அங்கமுத்து யோசித்துப் பார்த்தார்.

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, அவருக்குத் தெரியவில்லை.