‘ப’வில் தொடங்கும் இரண்டு ஊர்கள்

ஆசிரமத்துச் சீடர்களில் தேன்மொழிக்குச் சட்டம் படிக்க ஆசை. நாற்பது வயதுக்கு மேல் வந்த ஆசை. பவழக்குடியிலும் இடம் கிடைத்தது, பட்டணத்திலும் கிடைத்தது. முன்னது ஆற்றங்கரைச் சிற்றூர்; மற்றது எங்கே முடிகிறதென்றே தெரியாத நகரம்.

ஆனால் அவளுக்குத் திக்குவாய். அதிலும் ‘ப’ வந்துவிட்டால் நாக்கு நின்றுவிடும்.

“அக்கா வாயைத் திறக்கிறதுக்குள்ள ஜட்ஜ் ரிட்டயர் ஆயிடுவாரு” என்பான் ஆசிரமத்தில் உடன் பயிலும் இளம்பரிதி. எல்லோருக்கும் முன்னால் சிரிப்பவள் அவள்தான். தனியே போய் அழுபவளும் அவள்தான்.

குரு அவளைவிட வயதில் இளையவர்.

“எங்கே சேரட்டும் அம்மா?” என்று அவரிடம் கேட்டாள் தேன்மொழி.

“ரெண்டு ஊருக்கும் போங்க அக்கா. பல்கலைக்கழகத்துக்கு வழி கேட்டுட்டு வாங்க.”

பவழக்குடியில் பனி விலகவில்லை. ஊரே பாதித் தூக்கத்தில் மிதந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், “ப… ப…” என்றாள்.

“பல்கலைக்கழகமா? வா தாயி.” கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டாள் அந்தப் பெண்.

மாலைக்குள் ஊருக்கே அவளைத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் “ப…” என்றதுமே, “பால்தானே?” என்று தம்ளர் வந்தது. அவள் கேட்க வந்தது பன். பாலைக் குடித்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

பட்டணத்தில் மழை. விளக்குகள் சாலையில் கரைந்து ஓடின. அவள் “ப…” என்பதற்குள் முகங்கள் கடந்து போயின. பஸ் நிறுத்தத்தில் குடையில்லாத ஒருவர் மட்டும் நின்றார். மழை விடும்வரை அசைய வழியில்லை அவருக்கு. அவள் முழுவதும் கேட்டு முடித்தாள்.

“எனக்கும் தெரியாதுங்க. நானும் ஊருக்குப் புதுசு.”

இருவரும் மழையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆசிரமத்துக்குத் திரும்பி நடந்ததையெல்லாம் சொன்னாள். “முதல் ஊர்ல கேட்டு முடிக்கவே விடல, வழி கிடைச்சுது. ரெண்டாவது ஊர்ல கேட்டு முடிச்சேன், வழி கிடைக்கல.”

“எந்த ஊர் அக்கா?” என்றார் குரு.

“ப… ப…”

“பவழக்குடிதானே?” என்றான் இளம்பரிதி.

இல்லையென்று தலையசைத்து மறுபடி தொடங்கினாள். “ப…”

“அப்போ…” என்று அவன் வாயெடுத்தான்.

குரு அவன் பக்கம் திரும்பினார்.

“குறுக்கே வராதே. அக்கா அந்த ஊருக்குப் போயிட்டிருக்காங்க.”