உபயம் இல்லாத பெஞ்சு

ஏட்டு மாசானமுத்து ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்டது. அவருடைய சந்தேகத்துக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

அன்று காலை வடக்குத் தெரு பஸ் ஸ்டாப்பில் புதிதாக ஒரு சிமெண்ட் பெஞ்சு கிடந்தது. நாலைந்து பேர் வேனில் கொண்டுவந்து பதித்துவிட்டுப் போனார்களாம். அவர்களில் ஒருவர்கூடத் தெரிந்த முகம் இல்லை.

ஏட்டு பெஞ்சைச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். எங்கேயும் ‘உபயம்’ இல்லை. குப்பைத் தொட்டிக்கே இன்னார் உபயம் என்று எழுதுகிற ஊர் அது.

தோஷம் கழிக்கப் போட்டதாக இருக்கும் என்றாள் பூக்காரி. இடத்தை வளைக்கத்தான் என்றார் டீக்கடைக்காரர். ஒருவரும் உட்காரவில்லை. நிறைமாதக்காரி பேச்சியம்மாள்கூடக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஏட்டையா ஒரு வார்த்தை சொன்னால் பெயர்த்து எறிந்துவிடலாமென்று இரண்டு பேர் கடப்பாரையோடு காத்திருந்தார்கள்.

ஏட்டு நேரே எதிர்ச் சந்திலிருந்த மடத்துக்குப் போனார். மடத்து உலகம்மைக்கு அவர் மகள் வயதுதான். இருந்தாலும் ஏட்டுக்கு அந்த அம்மாள்தான் குரு.

“அம்மா, பேர் போடாம எவனாவது தானம் பண்ணுவானா? இதுல ஏதோ சூது இருக்கு.”

“போட்டவங்களை யாராவது கேட்டாங்களா?”

“டீக்கடைக்காரர் கேட்டிருக்கார். நிக்கிறவங்க உக்காரட்டும்னுதான்னு சொன்னானுவளாம். நம்புற மாதிரியா இருக்கு?”

“பேர் இருந்தா நம்புவீங்களா?”

“நம்புவேன்.”

உலகம்மை உள்ளே போய், கதவுக்கு அடித்தது போக மிஞ்சியிருந்த பெயிண்டையும் பிரஷையும் கொண்டுவந்து கொடுத்தார்.

“போய் ஒரு பேர் எழுதிட்டு வாங்க, ஏட்டையா.”

“யார் பேரு?”

“உங்களுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லாத ஆள் பேரு. யாரா இருந்தாலும் சரி.”

இதென்ன பிரமாதம் என்று ஏட்டு போனார். ‘உபயம்’ என்று அழகாக எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

தம்பி பேரா? பாகப்பிரிவினையில் அவன் முழித்த முழி அவருக்கு மறக்கவில்லை. மகன்? அவன் போனில் பாசமாகப் பேசினாலே, அடுத்து என்ன கேட்கப் போகிறானோ என்று இருக்கும். தன் பெயரையே எழுதிவிடலாமா என்று பார்த்தார். ஸ்டேஷனில் எழுதிய சில வாக்குமூலங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

“சீக்கிரம் எழுதுங்க, ஏட்டையா. பேர் தெரிஞ்சா உக்காந்துருவேன். காலெல்லாம் வீங்கிப் போச்சு” என்றாள் பேச்சியம்மாள்.

பிரஷிலிருந்து பெயிண்ட் சொட்டியது. பஸ் வந்தது. அவள் மூச்சிரைக்க ஏறிப் போனாள். ஏட்டுக்கு வெட்கமாக இருந்தது. கடப்பாரைக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மடத்துக்குத் திரும்பினார்.

“எழுதலையா?”

“எழுதல.”

“ஒரு பேர்கூடக் கிடைக்கலையா?”

“கிடைக்கல.”

“என் பேரு?”

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

“கடைசியா உங்க பேர்தான் வந்துச்சு, அம்மா. எழுதக் கை வரல.”



உலகம்மை சிரித்துவிட்டார்.

“இத்தனை வருஷமா அந்தச் சந்தேகத்தோடயேதான் என் எதிர்ல வந்து உக்கார்றீங்க. அந்தப் பெஞ்சு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”