ஓநாய்க்குப் போட்ட மூட்டைகள்

இமயத்துக்கும் வடக்கே, விட்ட மூச்சு மீசையில் உறைந்து நிற்கிற நாடு ஒன்று இருந்ததாம். அங்கே மரம் கிடையாது. குளிர்காலத்தில் வழியும் கிடையாது. ஆறு உறைந்து கல்லாகும், அதுதான் பாதை. வெயில் ஏறினால் அந்தப் பாதை மறுபடியும் தண்ணீர்.

அந்த நாட்டில் தர்கே என்றொரு சுமைகாரன் இருந்தான். காலில் வலு உண்டு, மனத்தில் அமைதி கிடையாது. பத்தடி நடந்தால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். காற்று அடித்தாலும் பயம், காற்று நின்றாலும் பயம்.

ஒரு வருஷம் பனிச்சரிவு விழுந்து மேலூரின் ஆடுகளை மூடிவிட்டது. மிஞ்சியது இருபத்தொரு பேரும் நாலே நாலு ஆடும். கீழூர்க்காரர்கள் உலர்ந்த இறைச்சியை மூன்று மூட்டையாகக் கட்டி, சறுக்குவண்டியில் ஏற்றி, கயிற்றைத் தர்கேயின் தோளில் மாட்டினார்கள்.

"மூன்று நாள் நடை. அந்த ஊர் உன்னைத்தான் நம்பியிருக்கிறது" என்றார்கள்.

முதல் நாள், பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஓர் ஓநாய். அவன் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக வந்தது. தர்கே நடுங்கிப்போய் முதல் மூட்டையை அவிழ்த்து ஒரு துண்டை வீசினான். ஓநாய் நின்று தின்றது. 'தப்பித்தேன்' என்று ஓடினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே சத்தம். சாயங்காலத்துக்குள் முதல் மூட்டை காலி.

இரண்டாம் நாள் அது இன்னும் நெருங்கி வந்தது. நேற்று ஒரு துண்டுக்கு நின்றது, இன்று இரண்டு கேட்டது. இரண்டாம் மூட்டையும் காலி.

மூன்றாம் நாள் அதன் மூச்சே காதில் விழுந்தது. தர்கே நிற்கவுமில்லை, அதன் முகத்தைப் பார்க்கவுமில்லை. இறைச்சியை மட்டும் பின்னால் வீசிக்கொண்டே ஓடினான். மேலூர் வந்தபோது பாதி மூட்டைதான் மிச்சம். ஓநாயும் கூடவே ஆட்டுப்பட்டிவரை வந்துவிட்டது.

பட்டியைக் காத்துக்கொண்டிருந்தவள் யாங்டோல் என்ற பெண். கையிலிருந்த செம்புப் பானையைக் கரண்டியால் ஓங்கி அடித்துக்கொண்டு, நேராக ஓநாயை நோக்கி நடந்தாள். அது வாலை இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"என்ன தம்பி இது? கிழட்டு ஓநாய். விலா எலும்பு எண்ணலாம், வாயில் பல் பாதி இல்லை. வேட்டைக்கே லாயக்கில்லாததை நீயே ஊட்டி ஊர்வரை கூட்டி வந்தாயா?"

"பயமாக இருந்தது அக்கா."

"எனக்கும்தான் பயம். அதற்காக நாலு ஆட்டையும் விட்டுவிடவா?"

அந்தப் பாதி மூட்டையை இருபத்தொரு பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்று அவள் யோசித்து நிற்பதைத் தர்கேயால் பார்க்க முடியவில்லை. கஞ்சிகூடக் குடிக்காமல் திரும்பி நடந்தான். நடந்ததைக் கீழூரில் மறைக்காமல் சொன்னான். திட்டு வாங்கினான். மூன்று மூட்டையும் வாங்கினான்.

இந்த முறை ஆறு இளகத் தொடங்கியிருந்தது. காலடியில் பனிக்கட்டி முனகியது, ஓரங்களில் தண்ணீர் ஊறியது. இரண்டாம் நாள், ஆற்றின் வளைவில் அதே ஓநாய் காத்திருந்தது.

தர்கேயின் கை தானாகவே மூட்டையின் முடிச்சுக்குப் போனது. ஓடு, ஓடு என்றது நெஞ்சு. அவன் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி, அதன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தான். பூ விழுந்த ஒற்றைக் கண். தொங்கிய நாக்கு. கால்கள் நடுங்கின, அவனுடையவை போலவே.

"போ!" என்று கத்தி, தடியால் பனிக்கட்டியை அடித்தான். ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை அடித்தபோது ஓநாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரிவில் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் முழங்கால்வரை நனைந்து மேலூர் சேர்ந்தான். யாங்டோல் வண்டியைப் பார்த்தாள். மூன்று மூட்டை, அவிழாத முடிச்சு. உள்ளே போய், ஊருக்கே ஆகும் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். இரண்டு நாள் கழித்து ஆறு இடிமுழக்கம்போல் உடைந்து ஓடியது.

அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்: பயத்துக்குத் தீனி போடுகிறவனை அது வீடுவரை விரட்டும், நின்று அதன் முகத்தைப் பார்க்கிறவனுக்கு அது வழி விடும்.