டேப் போடும்போது கேட்கிற கேள்வி

"அந்த லைப்ரரி அக்காவுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்காடி?"

"இருக்கும். எந்த ஷெல்ஃபுல வெச்சாங்களோ!"

ஹாஸ்டல் மெஸ்ஸில், கை கழுவும் இடத்தில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

தூணுக்கு இந்தப் பக்கம் அந்த லைப்ரரி அக்கா, வசுமதி, தட்டோடு நின்றிருந்தாள்.

அந்த வாரமே அவள் வரவழைத்த பார்சல் வந்தது. ஒரு கார்செட், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட். உள்ளே வளையாத கம்பிகள், முன்னால் பதின்மூன்று கொக்கிகள். தினமும் எட்டு மணி நேரம் இறுக்கிப் போட்டால் இடுப்பு பழகிவிடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது.

இரண்டு மாதம் ஆயிற்று. தையல் வகுப்புக்கு ஏறும் மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கினாள்.

டீச்சர் பெயர் ஜைத்தூன். வசுமதியைவிட ஆறு வயது இளையவள். மற்ற பெண்கள் கிளம்பியிருந்தார்கள். அன்று வசுமதி முதல்முறையாகத் தனக்கென்று ஒரு சுடிதார் வெட்ட வேண்டும்.

"இடுப்பு இருபத்தெட்டுன்னு வெட்டிடவா, டீச்சர்?"

"போன தடவை முப்பத்திநாலு எடுத்தேனே."

"இப்ப பெல்ட்... போடறேன்."

"கழட்டினா?"

"பழையபடி... ஆயிடுது."

"அப்ப குறைஞ்சது எது, அக்கா?"

வசுமதி துணியின் ஓரத்தை நீவினாள். மயில்கழுத்து நிறம்.

"இருபத்தெட்டுல வெட்டிட்டா... அப்புறம் கழட்ட மாட்டேன். தூங்கறப்பகூட."

"நெஞ்செரிச்சல் இருக்கா?"

"இருக்கு."

"விலா வலி?"

"அது... பழகிடுச்சு."

ஜைத்தூன் டேப்பை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினாள்.

அளவெடுக்கும்போது எல்லாரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதனால் ஜைத்தூன் ஏதாவது கேட்பாள். பதில் சொல்ல வாய் திறந்தால் வயிறு தளரும். அந்த நேரத்தில் டேப்பைப் பிடிப்பாள். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம்தான்.

வசுமதிக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க, அக்கா?"

"அரை இட்லி."

டேப் அசையவில்லை.

"மத்தியானம்?"

"பசிக்கல."

அசையவில்லை.

"இன்னைக்கு யார்கிட்டல்லாம் பேசினீங்க?"

வசுமதி யோசித்தாள்.

"உங்ககிட்ட."

இருபத்தெட்டு. நூல் அளவுகூட மாறவில்லை.

ஜைத்தூன் டேப்பை உருவினாள். மூலையில் நின்ற, துணி மாட்டிவைக்கும் பொம்மையிடம் போனாள். தலையில்லாத பொம்மை. அதன் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள்.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று அதனிடம் கேட்டாள்.

காத்திருந்தாள்.

"மத்தியானம்?"

காத்திருந்தாள்.

வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கும் இருபத்தெட்டுதான்," என்றாள் ஜைத்தூன். கத்தரிக்கோலை அவள் பக்கம் நகர்த்தினாள். "துணி உங்களோடது. வெட்டுங்க."

வசுமதி கத்தரிக்கோலை எடுத்தாள். இருபத்தெட்டுக்குப் போட்டுவைத்திருந்த சாக்கட்டிக் கோட்டுக்கு நேராக வைத்தாள்.

ஜைத்தூன் டேப்பைச் சுருட்டி டிராயருக்குள் போட்டு மூடினாள். எதிரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா."

"ம்?"

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

வசுமதி நிமிர்ந்து அவள் கழுத்தைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். டேப் இல்லை.

கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

திரைக்குப் பின்னால் போனாள். ஒவ்வொன்றாகக் கொக்கிகள் விடுபடும் சத்தம் கேட்டது. பதின்மூன்றாவதற்குப் பிறகு ஒரு நீண்ட மூச்சு.

வெளியே வந்து, கார்செட்டைப் பொம்மையின் இடுப்பில் சுற்றி, எல்லாக் கொக்கிகளையும் மாட்டினாள்.

பிறகு பெஞ்சில், ஜைத்தூன் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தாள்.