ஐந்தாவது கல்

பூவாணி நாட்டை ஆண்ட வீரபூபதிக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று கால்பந்து. இன்னொன்று மனைவியின் தம்பி வாணாதிராயர். முதலாவதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

கண்டத்தில் இருந்த பன்னிரண்டு நாட்டுக் கழகங்களும் ஆண்டுக்கொரு முறை கண்டக் கோப்பைக்காக மோதும். மன்னரின் தாத்தா காலத்தில் தொடங்கிய போட்டி. அப்போது பரிசு ஒரு பித்தளைக் குடம். அப்பா காலத்தில் அது வெள்ளியானது, இப்போது தங்கம். வாணாதிராயர் பொறுப்பில் இருந்த பூவாணிக் கழகம் அதை நான்கு முறை வென்றிருந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் அரண்மனை வாசலில் கல் நட்டு, வென்றவர் பெயரை வெட்டிவைப்பது வழக்கம். நான்கு கல்லிலும் ஒரே வாசகம்தான்.

"மன்னரின் மைத்துனர் வாணாதிராயர் தம் மதியால், தம் திட்டத்தால், தாம் ஒருவராகவே கோப்பையை வென்றார். பதினொரு பேர் உடன் ஓடினார்கள்."

எழுதியது யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். முதல் வெற்றிக்கு யானை வாங்கிக்கொண்டார். இரண்டாவதற்குப் பல்லக்கு. மூன்றாவதற்கு நான்கு ஊர். நான்காவதற்குப் 'பந்துக்கோமான்' என்ற பட்டம். ஆடியவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. அதுவும் ஒரே துவைப்பில் சாயம் போய்விட்டது.

ஐந்தாவது இறுதி ஆட்டம் வந்தது. நன்றாக ஓடுகிற இருவரை உட்காரவைத்துவிட்டு, பந்துக்கோமான் தன் மாப்பிள்ளைகள் இருவரை இறக்கினார். ஒருவருக்குத் தொப்பை, இன்னொருவருக்கு மூச்சிரைப்பு. போதாததற்கு, எல்லோரையும் உச்சிவெயிலில் நிறுத்தி இரண்டு மணி நேரம் வாழ்த்துரை வேறு வழங்கினார். ஏழு கோல் வாங்கிப் பூவாணி தோற்றது. கோல் காவலன் இருளப்பன் பாய்ந்து தடுத்தது பத்தொன்பது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் இருளப்பனைக் கைகட்டி அவையில் நிறுத்தினார்கள்.

"அத்தான், நம் மானத்தை வாங்கியவன் இவன்தான்," என்றார் வாணாதிராயர். அவையில் மன்னரை அத்தான் என்று கூப்பிடும் துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. "ஏழு முறை பந்து இவனைத் தாண்டிப் போயிருக்கிறது."

"இவனைத் தாண்டுவதற்கு முன் பத்துப் பேரைத் தாண்டித்தானே வந்திருக்கும்?" என்றார் அவை விகடர் பஞ்சாட்சரம்.

மன்னர் சிரிக்கிற நிலையில் இல்லை.

"வெற்றிக்குக் கல் வைத்தோம். தோல்விக்கும் வைப்போம். அந்தக் கல்லில் எவன் பெயர் இருக்கிறதோ அவன் நாட்டை விட்டே போக வேண்டும். பஞ்சாட்சரம், வாசகம் உம் பொறுப்பு. நாளைக் காலை கல் நிற்க வேண்டும்."

 இருளப்பனின் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்தார். "புதிதாக எழுத எனக்கு ஏது திறமை, அரசே? பழைய வாசகத்தையே அங்கங்கே கொஞ்சம் திருத்தி..."

"திருத்துவதா?" வாணாதிராயர் எழுந்தே விட்டார். "என் எழுத்தில் கை வைக்க நீர் யாரய்யா? வென்றார் என்பதைத் தோற்றார் என்று ஆக்கும். அதற்கு மேல் ஒரு சொல் மாறினாலும் தலை இருக்காது."

"அப்படியே செய்யும்," என்றார் மன்னர்.

தன் எழுத்தின் மேல் மைத்துனருக்கு அவ்வளவு மோகம். அதில் யார் பெயர் இருக்கிறது என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

காலையில் ஊரே வாசலில் கூடியது. கைக்கட்டோடு இருளப்பனும் நின்றான். திரையை விலக்கினார்கள். மன்னரே உரக்க வாசித்தார்.

"மன்னரின் மைத்துனர் வாணாதிராயர் தம் மதியால், தம் திட்டத்தால், தாம் ஒருவராகவே கோப்பையைத் தோற்றார். பதினொரு பேர் உடன் ஓடினார்கள்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இருளப்பன் பெயர் எங்கே?" என்று கத்தினார் வாணாதிராயர்.

"நான்கு வெற்றியிலும் இல்லாத ஆள் தோல்விக்கு மட்டும் எங்கிருந்து வருவான், ஐயா?" என்றார் பஞ்சாட்சரம். "நீங்கள் சொன்னபடி ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்."

"அத்தான், இது அநியாயம். ஆடியவர்கள் அவர்கள். தோற்றவர்கள் அவர்கள். நான் பந்தைத் தொட்டதே இல்லை."

 பஞ்சாட்சரம் மெதுவாகக் கல்தச்சர் பக்கம் திரும்பினார்.

"உளியை உள்ளே வைத்துவிடாதீர்கள், ஆசாரியாரே. இன்னும் வேலை இருக்கும் போலிருக்கிறது."

மன்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் இருளப்பனின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

"மைத்துனரே, கல்லில் உள்ளபடி நீர் நாட்டை விட்டுப் போகலாம். இல்லையென்றால், யானை, பல்லக்கு, ஊர்கள் எல்லாவற்றையும் ஆடி வென்ற பதினொருவருக்குக் கொடுத்துவிட்டு, இப்போது சொன்னதைக் கல்லில் ஏற்றச் சம்மதிக்கலாம். எது வேண்டும்?"

 பந்துக்கோமான் இரண்டாவதற்குத் தலையை ஆட்டினார். இருளப்பன் பல்லக்கில் வீடு போனான். பஞ்சாட்சரத்துக்கு முத்துமாலை கிடைத்தது.

ஐந்து கல்லும் அதே வாசலில்தான் நிற்கின்றன. அவர் ஆசைப்பட்டபடி பழைய வாசகத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஒரு வரி மட்டும் கூடியிருக்கிறது:

"இவர் பந்தைத் தொட்டதே இல்லை."